கதிர்ச் சிகிச்சையை ஒரே நாளில் முடித்தால் என்ன?

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவதை நம் நாட்டிலே ‘கரண்ட் பிடித்தல்’ என்று பொதுமக்கள் வழங்குவர். உண்மையில் நோயாளியின் உடலில் மின்சாரம் சிறிதும் பாய்வதில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயர் எழுப்பும் அச்சத்தோடு இன்னொரு வினாவும் வீட்டார் உள்ளத்தில் எழுகின்றது. ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே செல்லும் சிகிச்சைக்கு ஆறு, ஏழு வாரம் நாடோறும் வரச் சொல்வானேன்? கதிர் நோயைக் கொல்லுமாயின், வேண்டிய அளவை ஒரே நாளிற் கொடுத்து அனுப்பிவிடலாகாதா?

தொலைவிலிருந்து வருவோர்க்கு இது வெறும் அறிவு வேட்கையால் எழும் வினா அன்று. வயல் வேலை, நாட்கூலி, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டில் வாரக்கணக்காகத் தங்கும் சங்கடம் எல்லாம் அதனுள் அடங்கியுள்ளன. இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சென்றது.

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே றொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டு ஜூலையிலேயே பிரான்சின் லியோன் நகரில் டெஸ்பேன் என்னும் வைத்தியர் இரைப்பையிற் புற்றுநோய் கொண்ட ஒருவருக்கு அதனைச் செலுத்திப் பார்த்தார். நோவு தணிந்தது, நோயாளி பிழைக்கவில்லை. 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். ரேடியம் அடைத்த சிறு குழாயொன்றைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த பெக்கரல் என்னும் விஞ்ஞானிக்கு அவ்விடத்துத் தோல் புண்ணாயிற்று. பியர் கியூரியோ வேண்டுமென்றே தம் கையிற் புண்ணை உண்டாக்கி, அது ஆறும் விதத்தைக் குறித்து வைத்தார். இக்காலத்தில் எந்த ஆய்வுக்கூடமும் இதற்கு அனுமதி தராது!

நல்ல தோலை அழிக்கவல்ல கதிர் தீய கட்டியையும் அழிக்குமன்றோ? 1899இல் ஸ்டொக்ஹோம் நகரில் தோற் புற்றுநோய் கதிராற் குணமாக்கப்பட்டது. ஆனால் உடலின் உள்ளே கிடக்கும் கட்டிகள் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. கட்டியை ஒரே அடியில் வீழ்த்த வேண்டும் என்பது அக்கால வைத்தியர் பலரின் கொள்கை. ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரத்தார் இதில் உறுதியாக நின்றனர். பேரளவு கதிர் பட்டதும் கட்டி கரையும். பின்னர் சுற்றியுள்ள நற்றசையும் அழுகும். ஒளிந்து பிழைத்த புற்றுக் கலங்கள் மீண்டும் தலையெடுக்கும்.

இங்கேதான் பாரிஸ் ரேடியம் நிலையத்தைச் சேர்ந்த குளோதியுஸ் ரெகோ வருகின்றார். அந்நிலையத்தில் பௌதிகப் பகுதிக்கு மேரி கியூரியும் உயிரியற் பகுதிக்கு ரெகோவும் தலைமை தாங்கினர். ரெகோ ஆட்டுக்கடாக்களின் விதைப்பைக்குக் கதிர் செலுத்திப் பரிசோதித்தார். விந்தை உண்டாக்கும் கலங்கள் ஓயாது பிரிந்து பெருகுவன. அவ்வகையில் புற்றுக் கட்டியை ஒத்தன. மேலே உள்ள தோல், கட்டியைச் சூழ்ந்த நற்றசைக்கு ஈடு. ஒரே தடவையில் மலடாக்க முயன்றால் தோல் கடுமையாகச் சிதைந்தது. அதே வேலையைப் பல நாட்களுக்குப் பங்கிட்டுச் செய்தபோது கடா மலடாயிற்று. தோலுக்குப் பெருங்கேடு நேரவில்லை.

ஆட்டிற் கண்டதை மனிதரிற் செய்து காட்டியவர் ரெகோவின் தோழர் ஆன்றி கூத்தார். குரல்வளைப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு அவர் சிறுசிறு அளவாக வாரக்கணக்கிற் கதிர் செலுத்தினார். 1922இல் பாரிஸ் மகாநாட்டில் அவர்கள் அறிவித்த பயன் வைத்திய உலகை வியப்பில் ஆழ்த்தியது. சத்திரசிகிச்சையின்றி, குரல்வளையை வெட்டி எடுக்காமல், நோய் குணமாகியிருந்தது. இன்று உலகெங்கும் நடைபெறும் நாட்சிகிச்சைக்கு அடிப்படை அதுவே.

இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. கதிர், கலத்தினுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் இழையை அறுக்கின்றது. நற்கலங்கள் அவ்வறுப்பைச் சில மணி நேரத்திற் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றுக் கலங்களுக்கு அத்திறன் பொதுவாகக் குறைவு. இன்று காயம், இரவில் ஆறுதல், நாளை மீண்டும் காயம் என்று தொடரும்போது இருதிறத்தாருக்கும் உள்ள இடைவெளி நாளுக்கு நாள் அகலுகின்றது. மற்றொன்று ஒட்சிசன். ஒட்சிசன் குறைந்த கலங்களைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டும் என்பதை ஆங்கில விஞ்ஞானி கிறே 1950களில் விளக்கினார். இரத்தக் குழாய்க்கு எட்டத்தில், கட்டியின் உட்புறத்தே கிடக்கும் கலங்கள் இத்தகையன. வெங்காயத்தை உரிப்பதுபோல அண்மையில் உள்ளவை முதலில் மடிய, உள்ளிருப்பவற்றுக்கு ஒட்சிசன் எட்டுகின்றது. அடுத்தடுத்த நாட் கதிருக்கு அவையும் இரையாகின்றன.

கதிரின் அளவுக்கு 1975 முதல் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிறே, வாரம் ஐந்து நாள், மொத்தம் 60 முதல் 70 கிறே வரை கொடுப்பர். இதனைக் கேட்டு ‘உடம்பு வெந்துவிடுமே’ என அஞ்சுவோர் உளர். 2 கிறே கதிரால் தசையின் வெப்பம் ஒரு பாகையின் 2000இல் ஒரு பங்கே உயரும். ஆகவே தோல் சிவந்து கறுப்பது சூட்டினாலன்று. கலங்களின் இழைகள் அறுவதாலேயாம்.

பொறிகளும் மாறிவந்துள்ளன. 1951இல் கனடாவில் கோபாற்றுப் பொறி முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்டது. 1953இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் நேர்கோட்டு ஆர்முடுக்கி வந்தது. இவற்றின் கதிர்கள் மேற்றோலைப் பெரிதும் விட்டு ஆழத்திலே வலுப்பெறுவன. வெளியிலிருந்து செலுத்தும் கதிர், செலுத்துவது நின்ற கணமே ஒழியும். நோயாளியிடம் ஒன்றும் தங்காது. வீடு திரும்பியதும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். கதிர்வீசும் அயடீனை உட்கொண்டோர் மட்டும் சில நாள் ஒதுங்கியிருக்க வேண்டும்.

இனி நாம் வற்புறுத்த விரும்புவதற்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணம். அதற்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோருக்கு மூன்றாம், நான்காம் வாரத்தில் வாய் புண்ணாகி, உணவு இறங்காது போகும். வேறு சிலருக்கோ கட்டி வற்றி, ‘சுகமாயிற்று’ என்ற எண்ணம் பிறக்கும். இரு சாராருமே ஊருக்குப் போய்விட எண்ணுவது அப்போதுதான். கொடுமை என்னவெனின், ஏறத்தாழ நான்காம் வாரத்தின் பின் எஞ்சிய புற்றுக் கலங்கள் முன்னிலும் விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில், சிகிச்சை ஒரு நாள் நீளும்போது நோயை அடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகிறதென ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. பத்து நாள் ஊரில் நின்று வருவதன் விலையை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வாய்ப்புண்ணுக்கு மருந்துண்டு, விழுங்க முடியாதவருக்குக் குழாய் வழி உணவூட்டலும் உண்டு. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் புண் பெரும்பாலும் ஆறிவிடும்.

தூரம் ஒரு பெருந்தடை என்பதை நாம் மறுக்கவில்லை. வடபகுதி மக்கள் மஹரகமை வரை சென்று மாதக்கணக்கில் தங்கிய காலம் இருந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். தெல்லிப்பளையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழ அந்த நடை பெரிதும் உதவிற்று.

எல்லார்க்கும் முப்பது நாள் என்று எண்ணிவிடலாகாது. எலும்பிற் பரவிய புற்றின் நோவைத் தணிக்க 8 கிறே ஒரே தடவை போதுமாவதுண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து வாரமாக இருந்தது மூன்று வாரமாகக் குறைந்தது. தக்கவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவை போதும் என்று 2020இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. எந்தக் கட்டிக்கு எத்தனை நாள் என்பதை நிபுணர் தீர்மானிப்பார். அண்டை வீட்டுக்காரருக்குப் பதினைந்து நாள்தானே என்று ஒப்பிட்டு நோயாளியைக் கலங்க வைப்பது ஆகாது.

காய்ச்சலாலோ பொறி பழுதாலோ தவிர்க்க முடியாமல் ஒரு நாள் தவறினால் அதனை மறைக்காமல் உடனே சிகிச்சைப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். சனிக்கிழமையிலோ, அல்லது ஒரே நாளில் இருமுறையாகவோ அதனை ஈடுசெய்ய வழியுண்டு. அவ்வாறு இருமுறை கொடுக்கும்போது காலைக்கும் மாலைக்கும் இடையே ஆறு மணி நேரமாவது விடுவர். நற்கலங்கள் தம் இழைகளைச் செப்பனிட்டுக்கொள்ள அவ்வளவு பொழுது வேண்டும்.