எல்லையோரப் பிள்ளைகளும் கணக்குப் போட்டியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டி நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று நின்று நின்று போகிறது. பாறசாலை தாண்டிவிட்டால் தமிழ்நாடு. சாலை வழியாகப் போகிறவர்களுக்குக் களியக்காவிளைச் சோதனைச் சாவடிதான் எல்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு போட்டது சர்க்கார். குடும்பங்களும் கொள்வினை கொடுப்பினையும் இரண்டு பக்கமும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்தக் கோட்டின் ஓரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் தறியிலும், கடையிலும், கட்டட வேலையிலும், தலைநகர் அலுவலகங்களிலும் பாடுபடுகிறவர்கள். "பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன்" என்று சொல்லும்போது இவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் "கணிதப் போட்டிக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. "அதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு, டியூஷனுக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு" என்பதே பொதுவான எண்ணம். இந்த எண்ணம் சரிதானா?

போட்டிக் கணக்கு என்றால் என்ன?

பள்ளிக்கூடத்துக் கணக்குக்கும் போட்டிக் கணக்குக்கும் வித்தியாசம் உண்டு. பள்ளியில் முதலில் வழியைச் சொல்லிக் கொடுத்து, பிறகு கணக்கைக் கொடுக்கிறார்கள். போட்டியில் கணக்கு மட்டும்தான் வருகிறது. வழியைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். நூறு ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் எவை? முழுவதும் பெருக்கப் போனால் காகிதம் போதாது. ஆனால் நான்கு ஏழுகளைப் பெருக்கினால் 2401. கடைசி இரண்டு இலக்கம் 01. இப்படி 01-இல் முடியும் எண்களை எத்தனை முறை பெருக்கினாலும் முடிவு 01-தான். நூறு ஏழுகள் என்பது இருபத்தைந்து நான்கு ஏழுகள். ஆகவே விடை 01. ஏழாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. பஸ்ஸில் ஐந்து பேர் வாங்கிய ஐந்து டிக்கெட்டுகளின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஐந்து எண்களாக இருந்தாலும் சரி, அவற்றில் மூன்றைப் பொறுக்கி எடுத்துக் கூட்டினால் மூன்றால் மீதியின்றி வகுபடும் என்பதை நிரூபிக்க வேண்டும். மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2 என்று மூன்றே வகை. ஐந்து எண்களில் மூன்று வகையும் இருந்தால், வகைக்கு ஒன்றாக எடுத்துக் கூட்டலாம். மீதிகளின் கூட்டுத்தொகை 3. ஏதாவது ஒரு வகை இல்லையென்றால், ஐந்து எண்களும் இரண்டே வகைக்குள் அடங்க வேண்டும். அப்போது ஒரு வகையில் மூன்று எண்களாவது இருந்தே தீரும். அந்த மூன்றையும் கூட்டினால் போதும். சூத்திரம் எதுவும் வேண்டாம், யோசனைதான் வேண்டும்.

பலாப்பழமும் கணக்கும்

இத்தகைய கணக்குகள் நம் திண்ணைக்குப் புதியவை அல்ல. 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ் நூலில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் விதி ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்கிறது. முள் நூறானால் சுளை நூற்றிருபது. மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து தப்பிப் பொந்துக்குள் ஒளிந்ததாகச் சொல்லப்படும் 'அம்மச்சிப் பிலாவு' நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. பலாவுக்குப் பெயர்போன ஊரில் இந்த விதியைச் சோதித்துப் பார்க்கப் பழத்துக்குப் பஞ்சமில்லை!

ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது. அது ஏன் சரி, எப்போது தவறும் என்று கேட்பதுதான் கணிதம். மலையாள மண்ணில் சுமார் 1530-இல் ஜ்யேஷ்டதேவர் எழுதிய 'யுக்திபாஷா' இந்தக் காரியத்தைத்தான் செய்தது. விதிகளை அடுக்கிவிட்டு நிற்காமல், அவற்றுக்குரிய காரணங்களை மக்களின் மொழியிலேயே விளக்கிய நூல் அது. இன்றைய போட்டிகளிலும், மேல் படிகளில், வெறும் விடைக்கு மதிப்பு இல்லை, காரணத்துக்கே மதிப்பெண்.

இந்த வழியாகச் சென்ற ஒருவர்

எல்லையோரப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. சு.சி. பிள்ளை என்னும் சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-இல் பிறந்தார். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளியின் கடைசி ஆண்டில் தகப்பனாரும் மறைந்தார். இன்னொரு பிள்ளையாக இருந்தால் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட்டும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.யும் படித்தார். அப்போது இந்த ரயில் பாதை கிடையாது; அது 1979-இல்தான் வந்தது. நாகர்கோவிலையும் திருவனந்தபுரத்தையும் இணைத்த பெருவழி பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் சென்ற சாலைதான்.

பிள்ளை தீர்த்த கணக்கைச் சாமானியரும் புரிந்துகொள்ளலாம். 1, 4, 9, 16 என்பன வர்க்க எண்கள். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டிப் பெறலாம் என்று 1770-இல் லக்ராஞ்ச் நிரூபித்தார். 7 என்பது 4+1+1+1. அதே ஆண்டில் இங்கிலாந்தின் வாரிங், கன எண்களானால் ஒன்பது போதும், நான்காம் அடுக்கானால் பத்தொன்பது போதும் என்று நிரூபணமின்றிச் சொல்லிவைத்தார். சரி, ஆறாம் அடுக்கானால் எத்தனை?

ஆறாம் அடுக்கில் முதல் எண்கள் 1, 64, 729. இப்போது 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 729-ஐவிடச் சிறியது. எனவே 64-களும் 1-களும் மட்டுமே உதவும். பத்து 64 என்றால் 640. மிச்சம் 63, அதற்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக மொத்தம் 73 எண்கள். இதற்குக் குறைந்து முடியாது. இவ்வளவும் எட்டாம் வகுப்பு மாணவன் செய்துவிடுவான். ஆனால், எத்தனை பெரிய எண்ணாக இருந்தாலும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று நிரூபிப்பதுதான் மலை ஏறுவது. அந்த நிரூபணத்தை 1940-இல் கொடுத்தவர் பிள்ளை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு கல்கத்தாவுக்குச் சென்றவர், 1950-இல் அமெரிக்காவில் கூடிய உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். வயது 49. வாரிங் விட்டுச் சென்ற நான்காம் அடுக்குக் கணக்கு 1986-இல்தான் முடிந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியன்.

போட்டியின் படிகள்

பள்ளி மாணவர்களுக்கான உலகக் கணித ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா முதன்முதலில் கலந்துகொண்டது 1989-இல். 1996-இல் போட்டி பம்பாயிலேயே நடந்தது. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்த போட்டியில் நம் மாணவர்கள் நான்கு தங்கப் பதக்கம் பெற்று, நாடுகளின் வரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்தார்கள்.

நாட்டுக்கு ஆறு பேர்தான். இரண்டு நாள், நாளைக்கு நாலரை மணி நேரம், நாளைக்கு மூன்றே கணக்குகள். ஒரு கணக்குக்கு 7 மதிப்பெண், மொத்தம் 42. ஒன்றரை மணி நேரம் ஒரே கணக்கோடு மல்லாட வேண்டியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

அங்கே போய்ச் சேர இந்தியாவில் படிகள் உண்டு. முதல் படி தகுதித் தேர்வு. அண்மை ஆண்டுகளில் இது மூன்று மணி நேரத்தில் 30 கேள்விகள், 100 மதிப்பெண் என்ற கணக்கில் நடந்து வருகிறது. விடை இரண்டிலக்க எண்ணாக இருக்கும். இதில் தேறியவர்களுக்கு வட்டாரப் போட்டி. அதிலிருந்து தேசியப் போட்டி. அப்புறம் பயிற்சி முகாம். கடைசியில் ஆறு பேர். இவற்றை ஒருங்கிணைப்பது மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். பழைய வினாத்தாள்களை அந்த மையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும்.

சென்னையில் 1965 முதல் இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் தேர்வும் உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிலிருந்தே அதில் பிரிவுகள் இருப்பதால், ஒலிம்பியாட்டுக்கு முன் பழகிக்கொள்ள ஏற்றது. கேரளப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் சாஸ்திரோத்ஸவத்திலும் கணிதத்துக்கென்று தனிப் போட்டிகள் இருக்கின்றன. இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியாவது வகுப்பு ஆசிரியரிடம் விசாரிக்கலாம் அல்லவா?

சதுரம் எது, செவ்வகம் எது?

எல்லையோரப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. அது மொழி. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குச் 'சதுரம்' என்றால் நான்கு பக்கமும் சமம். மலையாளப் பாடநூலில் 'சதுரம்' என்றால் செவ்வகம்! நாம் சதுரம் என்பதை அங்கே 'சமசதுரம்' என்கிறார்கள். குழித்துறைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாறி வந்து பாறசாலையில் சேரும் பிள்ளை, சதுரத்தின் சுற்றளவு கேட்டால் ஒரு பக்கத்தை நான்கால் பெருக்கிவிடும். விடை தவறு. பெருக்கலில் தவறில்லை, சொல்லில்தான் தவறு. ஆனால் கிடைக்கிற பெயர் என்னவோ "கணக்கு வராத பிள்ளை" என்பதுதான். நாலு முறை இப்படி நேர்ந்தால் அந்தப் பிள்ளையே அதை நம்பிவிடும்.

பெருக்கல் அங்கே 'குணனம்', வகுத்தல் 'ஹரணம்', பகா எண் 'அபாஜ்ய சங்க்ய'. போதாக்குறைக்கு மேல் வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. இதற்கு மருந்து சுலபமானது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று ஒவ்வொரு கணக்குச் சொல்லையும் எழுதிவரச் செய்ய வேண்டும். நூறு சொற்கள் சேர்ந்துவிட்டால் பள்ளிக் கணிதத்துக்குப் பெரும்பாலும் போதும். மூன்று மொழியிலும் ஒரே கணக்கைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எல்லையோரத்தில் இருப்பது பாரமல்ல; ஒரு கூடுதல் பலம்.

பெற்றோர் செய்யக்கூடியது

தகப்பனாருக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு ஒரு கணக்கு போதும். விடையைத் தேடிக் கொடுக்கக் கூடாது. பிள்ளை இரண்டு நாள் யோசித்தாலும் பொறுத்திருக்க வேண்டும். விடை வந்ததும், "ஏன் அப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். தாயாருக்குப் புரியும்படி பிள்ளை சொல்லிவிட்டால் அதுவே நிரூபணத்தின் முதல் பாடம்.

1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிவைத்த கிரந்தசாலை இயக்கத்தின் பயனாக, கேரளத்தில் கிராமத்துக்குக் கிராமம் நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஐந்தாறு பிள்ளைகள் அங்கே கூடி ஒரு கணக்கைப் பேசுவதற்குப் பெஞ்சும் இடமும் போதும். மாஸ்டர் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது.

உண்மையையும் சொல்ல வேண்டும். கலந்துகொள்ளும் எல்லாரும் அந்த ஆறு பேரில் ஒருவராக முடியாது. முதல் படியிலேயே பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பயந்து கணக்கை விட்டுவிடுகிற பிள்ளைக்கு எத்தனையோ படிப்புகளின் கதவு பத்தாம் வகுப்போடு மூடிவிடுகிறது. வாரம் ஒரு கணக்கோடு மல்லாடிப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பயம் வராது. நாளை எந்தத் தேர்வு எழுதினாலும் இந்தப் பழக்கம் துணை நிற்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. அடுத்தடுத்து வரும் பத்து எண்களை எடுத்துக்கொண்டால், மற்ற ஒன்பதோடும் பொதுக் காரணி (1-ஐத் தவிர) இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் கட்டாயம் இருக்கும். ஏன்? பத்து எண்களுக்குள் இருக்கும் வித்தியாசம் ஒன்பதைத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7 ஆகிய நான்கைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும் என்பதே குறிப்பு. பதினாறு எண்கள் வரை இது பொய்க்காது. பதினேழில் பொய்த்துவிடும், 2184 முதல் 2200 வரை எழுதிப் பார்த்தால் தெரியும். இந்தப் பதினேழு விஷயத்தை ஆராய்ந்து எழுதியவரும் சு.சி. பிள்ளைதான். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து எண் கணக்கை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.