பேஸ்பால் நம்மிடம் வேரூன்றாததேன்?

திண்டிவனத்தில் ஊழியஞ்செய்த ஆர்க்காட்டு மிஷனார் அமெரிக்கர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்த ஹாரி பக் துரையும் அமெரிக்கரே. ஆயினும் அவர்தம் தேசத்தாருக்குப் பிரியமான பேஸ்பால் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் வேரூன்றவில்லை. அதே தேசத்தில் 1895-இல் வில்லியம் மார்கன் அமைத்த வாலிபாலோ நம் கிராமங்களிலும் பரவிற்று. காரணம் யாதெனில், வாலிபாலுக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். பேஸ்பாலில் பந்து தடுக்கும் கட்சியார் ஒன்பதின்மருக்கும் தோற்கையுறை வேண்டும். அடிப்பவனுக்குப் பின்னே நின்று பந்து பிடிப்பவனுக்கு முகக்கவசமும் மார்புக்கவசமும் வேறு! ஏழை மாணாக்கர் இதற்கு எங்கே போவர்? திறமைக் குறைவென்று எவரும் எண்ணற்க. கிட்டிப்புள்ளில் துள்ளியெழும் சிறு புள்ளை அந்தரத்திலேயே அடிக்கும் நம் சிறுவனுக்கு, எறியப்படும் பந்தை அடித்தல் அந்நியமன்று. வேகம் பழகவேண்டும், அவ்வளவே. புள்ளை வெறுங்கையாற் பிடிப்பதும் அவனுக்கு வழக்கந்தான்.