ஆளில்லா வானம் – 7: சும்மா இருப்பதன் களைப்பு

செய்யூர்ப் பக்கத்து நெல்வயலில் ட்ரோனால் மருந்து அடிப்பவரும், அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கும் கடற்படையின் சீ கார்டியன் ஆளில்லா விமானத்தை இயக்குபவரும் தரையில் இருந்தே விமானம் ஓட்டுகிறார்கள். மூளைக்கு விழும் சுமையோ நேரெதிர். வயலில் பத்து லிட்டர் டேங்க், கால் மணி நேரம்கூடத் தாங்காத பேட்டரி, வரப்போரப் பனை, மின்கம்பி, மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்று. கண்ணுக்கும் கைக்கும் ஓய்வே இல்லை. சீ கார்டியன் முப்பது மணி நேரத்துக்கு மேலும் வானில் நிற்கும். ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தாலும் திரையில் பெரும்பாலும் வெறும் கடல்தான். களைத்துப் போகிறவர் யார் என்றால், வயலில் நிற்பவரைத்தான் எல்லோரும் காட்டுவோம். அது பாதி உண்மை.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆட்கள் திரையில் தெரிந்த புள்ளிகளையே தவறவிட்டார்கள். காரணம் தேடிய நார்மன் மாக்வொர்த், முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும் ஒரு கடிகாரத்தை ஆட்களின் முன் வைத்தார். 1948இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, முதல் அரை மணியிலேயே கவனம் சரியத் தொடங்கிவிட்டது. வேலை இல்லாததும் ஒரு சுமை என்பதே இதன் பொருள். அந்த மந்தத்துக்கு நடுவே திடீரென்று முழுப் பாரமும் விழுவது அதைவிட மோசம். 2006 ஏப்ரலில் அமெரிக்காவின் நோகாலெஸ் அருகே எல்லைக்காவல் பிரடேட்டர் ட்ரோன் ஒன்று விழுந்தது. திரை உறைந்ததும் இயக்குபவர் கட்டுப்பாட்டைப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். அங்கே கேமராவுக்குப் பயன்பட்ட நெம்புகோல், விமானம் கைக்கு வந்ததும் எரிபொருள் நெம்புகோலாகிவிடும்; அது நிறுத்தும் நிலையில் இருந்தது. சரிபார்ப்புப் பட்டியலை அவர் பார்க்கவில்லை, இன்ஜின் அணைந்தது. நம் பக்கமும் 2024 செப்டம்பர் 18 அன்று சென்னைக்கு அப்பால் ஒரு சீ கார்டியனைக் கடலில் இறக்க நேர்ந்தது. கடற்படை சொன்ன காரணம் தொழில்நுட்பக் கோளாறு; ஆள்மீது பழியில்லை. ஆனால் வழக்கமான ரோந்து எவ்வளவு சீக்கிரம் நெருக்கடியாகிறது என்பதை அது காட்டியது.

தரையிலிருந்து ஓட்டுபவருக்கும் ஓய்வு விதி வேண்டும் என்றால், ‘விமானத்தில்தான் ஆளே இல்லையே, எதற்கு ஓய்வு விதி?’ என்பார்கள். விழுகிற இடத்தில் ஆள் இருக்கிறாரே. ‘தானியங்கி முன்னேறினால் தீரும்’ என்பது அடுத்த வாதம். உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: எளிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால், பழக்கம் விட்டுப்போன மனிதனிடம் கடினமானது மட்டும் மிஞ்சும். பயணிகள் விமானிகளுக்குப் பணிநேர வரம்பு உண்டு. 2021 ட்ரோன் விதிகள் வயது, படிப்பு, பயிற்சி எல்லாம் கேட்கின்றன. எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று கேட்பதில்லை. மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதும் என் கட்சி. மனச்சுமை, அவசரம், எரிச்சல் என ஆறு கேள்விகளில் பாரத்தை அளக்கும் நாசாவின் முறை 1988இலிருந்தே இருக்கிறது. வரப்பில் உட்கார்ந்தே பதில் எழுதலாம்.

வலுவான ஆட்சேபம் கூலி பற்றியது. ஏக்கர் கணக்கில் சம்பாதிக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணிடம் ‘ஓய்வெடு’ என்றால் வருமானம் போகும். நியாயம்தான். ஆனால் இந்தக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் ஒருவருக்குப் பைலட் பயிற்சி, குடும்பத்தில் இன்னொருவருக்கு உதவியாளர் பயிற்சி என்று ஏற்பாடு இருக்கிறது. அந்த இரண்டாமவருக்கும் பைலட் சான்றிதழ் கொடுத்துவிட்டால், சில டேங்குகளுக்கு ஒருமுறை ரிமோட் கைமாறும், ஏக்கர் குறையாது.