வலிக்காத புண்ணும் மரமஞ்சளும்

நுளம்புக்குப் பயப்படும் அளவுக்கு வன்னியில் யாரும் மணல் ஈக்குப் பயப்படுவதில்லை. நுளம்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இரைச்சலும் இல்லை. பொழுதுபட்டதும் வந்து கடிக்கும். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளாலும் புகுந்துவிடும். தோல் லீஷ்மேனியா நோயைப் பரப்புவது இதுதான்.

அரிப்பில்லை, வலியில்லை

முகத்திலோ கைகாலிலோ நுளம்பு கடித்தது போல ஒரு சிறு பரு வரும். அரிக்காது, வலிக்காது. மெல்லத் தடித்து, நடுவில் உடைந்து, மேலே பொருக்குக் கட்டும். பொருக்கு விழுந்தாலும் அடியில் புண் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் ஆறாது. வலி இல்லாததால் வேலை வெட்டியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக எவருக்கும் மனம் வராது.

இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் அம்பலாந்தோட்டையில் கண்டறியப்பட்டார். 2001ஐ ஒட்டி, வடக்குக் காடுகளில் நின்ற படையினர் பலருக்கு இது வந்தது. விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் நம்மவர்கள் போவதும் அதே காட்டுக்குத்தான்.

ஊசியின் சிரமம்

இப்போதைய சிகிச்சை, அந்திமனி கலந்த மருந்தைப் புண்ணுக்குள்ளேயே வாராவாரம் ஊசியாக ஏற்றுவது. அல்லது திரவ நைதரசனால் உறைய வைப்பது. இரண்டும் நோகும். கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும். பீகாரில் இதே இன ஒட்டுண்ணி உள்ளுறுப்புகளைத் தாக்கும் காலா அசார் நோயைத் தருகிறது. அங்கே அந்திமனிக்கு அது பணியாமலும் போய்விட்டது. புதிய மருந்து தேவை என்பதில் சந்தேகமே இல்லை.

கட்டையிலிருந்து மருந்துக்கு

நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் பொருள் பெர்பெரின். 1920களிலேயே இந்தியாவில் இதை இத்தகைய புண்களில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மஞ்சளின் குர்குமினும் ஆய்வுக்கூடக் குழாயில் இந்த ஒட்டுண்ணியைக் கொல்கிறது.

உடம்பில் கதை வேறு. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே இந்த ஒட்டுண்ணி குடியிருக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். அணுவைக் கெடுக்காமல் ஒட்டுண்ணியை மட்டும் கொல்ல வேண்டும். சாப்பிட்ட குர்குமினோ இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. ஆனாலும் மூலிகை மருந்தாக முடியும்: சீன விஞ்ஞானி தூ யூயூ பழைய வைத்திய நூலொன்றில் குறிப்பெடுத்து, மாசிப்பச்சை இனச் செடியொன்றிலிருந்து மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். அவரும் அளவு, தூய்மை, நச்சுத்தன்மை எல்லாம் சோதித்த பிறகே அதை நோயாளிக்குக் கொடுத்தார். நம் மூலிகைகளுக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும் என்றே நான் கேட்கிறேன்.

புண்ணில் பூசாதீர்கள்

எருக்கம்பாலும் சேங்கொட்டையும் தோலை வேகவைத்துவிடும், தழும்பு பெரிதாகும். கடிபடாமல் இருக்க மாலையில் கைகால் மூடிய உடுப்புப் போடுங்கள். சாணக் குவியலை வீட்டுக்குத் தூரமாக வையுங்கள். சில வாரமாக ஆறாத, வலிக்காத புண் இருந்தால் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் காட்டித் தோல் வைத்தியரிடம் அனுப்பச் சொல்லுங்கள். புண்ணின் ஓரத்தில் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். சோதனையும் ஊசியும் அங்கே இலவசம்.