தேய்ந்த அச்சும் புது எஃகும்

தேய்ந்த கொழுவை உழவர் எறிந்துவிடுவதில்லை. கொல்லன் உலைக்களத்திற்கு எடுத்துச் செல்வர். அவன் அதனைக் காய்ச்சி, முனையில் புதிய இரும்பு சேர்த்து அடித்துத் தருவான். தேய்ந்தது முனை மட்டுமே. அதற்காக முழுக் கொழுவையும் இழப்பானேன்? இன்றைய தொழிற்சாலைகள் கேட்கும் வினாவும் இதுவே.

அலுமினியப் பொருள்களை வார்க்கும் எஃகு அச்சைச் சான்றாகக் கொள்ளலாம். 650 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடேறி உருகிய அலுமினியம் பேரழுத்தத்துடன் அதனுள் பாய்கிறது. பொருள் இறுகி வெளிவந்தபின் அச்சின் முகம் குளிர்விக்கப்படுகிறது. இவ்வாறு பல்லாயிரம் முறை விரிந்து சுருங்கவே, அதன் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைபோலப் படர்கின்றன, விளிம்புகளும் அரிக்கப்படுகின்றன. அச்சின் உடல் பெரும்பாலும் நன்னிலையில் இருப்பினும், முகம் கெட்டால் வார்ப்பும் கெடும்.

பொருள்களை உருவாக்கும் முறைகளுள் இரண்டு, கழித்தலும் கூட்டலும். சிற்பி கல்லைச் செதுக்குவது கழித்தல். சிதல் மண்ணை அடுக்கிப் புற்றெடுப்பது கூட்டல். தேய்ந்த அச்சைச் செப்பனிட இவ்விரண்டும் வேண்டும்.

முதலில், பழுதுபட்ட பகுதி முழுவதையும் சுரண்டி எடுத்தல் வேண்டும். அடியில் ஒரு வெடிப்பு எஞ்சினாலும் அது புதிய எஃகையும் பிளந்துகொண்டு மேலெழும். அடுத்து, லேசர் கதிர் அச்சின் மேல் ஒரு சிறு இடத்தை உருக்கிக் குட்டைபோல் ஆக்குகிறது. ஆர்கன் வாயுவுடன் எஃகுத் தூள் அக்குட்டையில் வீசப்பட்டு உருகிக் கலக்கிறது. கதிர் நகர்ந்ததும் அது இறுகுகிறது. இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காக, இழந்த உருவம் கணிப்பொறியின் வழிகாட்டலால் மீள்கிறது. சற்றே மிகுதியாக வளர்த்துப் பின்னர் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவர்.

லேசரை 1960ஆம் ஆண்டில் முதன்முதலாக இயக்கிக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் தியோடர் மைமன். 1990களில் அந்நாட்டின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடம், உலோகத் தூளை லேசரால் உருக்கி உருவம் சமைக்கும் முறை ஒன்றை வளர்த்தெடுத்தது. மின்வில் பற்றவைப்பிலும் உலோகம் சேர்க்கலாம். ஆயின் அதன் வெப்பம் அகலப் பரவி அச்சைக் கோணச் செய்யக்கூடும். லேசர் உருக்கும் இடமோ மிகச் சிறியது.

எனினும் இடர்ப்பாடு பழையதும் புதியதும் கூடும் இடத்தில்தான் உள்ளது. வார்ப்பச்சுகளுக்குப் பெரிதும் பயன்படும் எச்-13 எஃகில் ஏறத்தாழ 5 விழுக்காடு குரோமியம் உண்டு. உருகிய சிறு குட்டையின் வெப்பத்தைப் பெரிய அச்சுடல் நொடியில் உறிஞ்சிவிடுவதால், புதிய அடுக்கு கடினமாகிறது. அத்துடன் எளிதில் நொறுங்கும் இயல்பையும் பெறுகிறது. உள்ளிறுக்கம் மிகுந்தால் அது வெடித்துவிடும். இதனைத் தடுக்க அச்சை முன்னரே சூடாக்குவதும், பின்னர் மீண்டும் பதமாகச் சூடேற்றுவதும் வழக்கம். இணைப்பின் கீழுள்ள பழைய எஃகோ வெப்பத்தால் மென்மையாகிவிடலாம். மெத்தைமேல் வைத்த ஓடுபோல, கடின அடுக்கு அப்போது சுமை தாங்காது. ஆதலின் மேற்பரப்பின் பளபளப்பை மட்டும் கண்டு அமையாது, இணைப்பின் இருபுறத்துக் கடினத்தையும் அளந்தறிய முற்படுவர்.

எல்லாக் கருவிக்கும் இம்முறை பொருந்தாது. எளிய சிறு கருவியாயின் புதிது வாங்குவதே சிக்கனம். ஆழமாக வெடித்த அச்சு, சேர்த்த எஃகால் பிழைக்காது. செய்யப் பல மாதம் பிடிக்கும் விலையுயர்ந்த பேரச்சின் தேய்மானம் மேலோட்டமானதாக இருந்தால்தான் இம்முறை பெரும்பயன் தரும்.

இரும்பைச் சேர்ப்பதோடு கொல்லன் பணி முடிவதில்லை. தோய்ச்சல் தப்பினால் கொழு மழுங்கும், அல்லது முறியும். லேசர் வந்தபின்னும் பதம் அறிதலே தொழிலின் உயிர்.