விசர் என்னும் சொல்

யாழ்ப்பாணத்தார் நாவிலே எளிதாக எழும் சொற்களுள் 'விசர்' ஒன்று. இலக்கணம் பிழைத்த மாணாக்கரை யானும் பலகால் அவ்வாறு ஏசியதுண்டு. வெண்பா யாப்பதில் வல்ல மாணவன் ஒருவன் உளமாய நோய்வாய்ப்பட்டு, இல்லாத குரல்களுக்கு மறுமொழி கூறித் தெருவில் நின்றான். ஊரார் அவனை அச்சொல்லாலேயே அழைத்தனர். அன்றுமுதல் அது என் நாவில் எழுவதில்லை.

நம் பாட்டனார் காலத்தில் இத்தகையோர், 1926ஆம் ஆண்டில் கொழும்பை அடுத்துத் தொடங்கிய அங்கொடை மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டனர், பலர் மீண்டிலர். 1952இல் பிரான்சு நாட்டிலே குளோர்புரோமசீன் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்பட்ட பின்னரே, வீட்டிலிருந்து மருந்துண்டு வாழ்தல் பலர்க்கு இயல்வதாயிற்று. இன்று தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலேயே உளநலப் பிரிவு உண்டு. என் மாணவனும் அங்கே குணம் பெற்றான்.

ஆயினும், குரல்களை அடக்கிய மருந்து ஊரார் வாயை அடக்குமோ? ஒருவரும் வேலை கொடுத்திலர். 'விசர்க் குளிசை' என்று பிறர் நகைக்க, அவன் மருந்தைக் கைவிட்டான், நோய் திரும்பிற்று.

இரண்டாம் முறை குணமாகி வந்தபோது, என் நூலின் அச்சுப்படிகளைத் திருத்தக் கொடுத்தேன்.

"ஐயா, என்னை நம்புறியளோ?" என்றான்.

மறுநாள் மூன்று சந்திப்பிழைகளைக் காட்டினான். மூன்றும் என்னுடையவை!

யப்பானியர் 2002இல் மனச்சிதைவு நோயின் பழம்பெயரை, நோயாளரை இழிவுபடுத்துவதெனக் கருதி மாற்றினர். சொல்லாராயும் நாம் ஓர் ஏச்சினை விடலாகாதோ? குளிசையை மருத்துவர் தருவர். அதனை நாணாது உண்ணும் துணிவையும், நலம் பெற்றபின் செய்தற்கு ஒரு தொழிலையும் நாமன்றோ தருதல் வேண்டும்?