குடி திடீரென நின்றால்: வீடற்றோர்க்கான உயிர்காப்பு முறை

ஹைதராபாத்தின் கிழக்கே நாச்சாரம் ஒரு தொழிற்பேட்டைப் பகுதி. அங்கே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, ஆனால் அது காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரியது. எந்தப் பதிவேட்டிலும் பெயரின்றிக் கூலி வேலை செய்து, கடைத் திண்ணையில் உறங்கும் ஒருவருக்குக் குடியினால் நோய் கண்டால், செகந்தராபாத் காந்தி மருத்துவமனைக்கோ, நகரின் மறுபுறமுள்ள எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனைக்கோதான் செல்ல வேண்டும். அவரை அழைத்துச் செல்வார் யார்?

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கினால் மதுக்கடைகளும் கள்ளுக்கடைகளும் ஒருங்கே மூடப்பட்டன. சில நாள்களுக்குள் கை நடுக்கத்தோடும் வலிப்போடும் பிதற்றலோடும் எர்ரகட்டாவுக்கு வந்தோர் தொகை வெகுவாகப் பெருகிற்று. அவர்களைப் பெரும்பாலும் உறவினர்களே கொண்டுவந்தனர். உறவினர் இல்லாதோர் நிலையை நாம் ஊகிக்கத்தான் இயலும்.

இதன் காரணம் எளிது. மது மூளையின் கிளர்ச்சியை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது சட்டென நின்றதும் வேகம் மட்டும் எஞ்சுகிறது. முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்குமிடையே சிலருக்குக் காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாத உருவங்களைக் காணுதல் ஆகியவற்றுடன் குடிச்சன்னி தோன்றும். சிகிச்சையின்றேல் இஃது உயிரையும் பறிக்கக்கூடும். ‘ஒரேயடியாக விட்டுவிடு’ என்னும் நல்லெண்ண அறிவுரை, கடுங்குடியரைப் பொறுத்தவரை ஆபத்தானது.

தெலங்கானாவில் மற்றொரு சிக்கலும் உண்டு. கள்ளில் குளோரல் ஹைட்ரேட், அல்பிரசோலம் போன்ற மயக்க மருந்துகளைக் கலக்கும் தீய வழக்கம் அங்கு நெடுநாளையது. 2015இல் கலப்படத்தின்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, நிஜாமாபாத், மகபூப்நகர் மாவட்டங்களில் வழக்கமாகக் குடித்தவர்கள் இதே அறிகுறிகளுடன் மருத்துவமனைகளை நாடினர்.

2020 மார்ச் 30 அன்று கேரள அரசு, மருத்துவர் சான்றளித்தால் மது வழங்கலாமென ஆணையிட்டது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது. ஏப்ரல் 2 அன்று உயர்நீதிமன்றம் தடை விதித்தது. இந்நோய்க்கு டயாசிபாம் முதலிய மருந்துகள் இருக்க, மதுவை மருந்தாக எழுதித் தருவதேன் என்பதே மருத்துவர்களின் வாதம். அது நேர்மையான வாதம். ஆயினும் மருந்து யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை.

கனடா நாடு வேறு வழியை மேற்கொண்டது. டொராண்டோவில் வீடற்றோர் சிலர் குளிரில் விறைத்து மாண்டபின், 1997இல் சீட்டன் ஹவுஸ் உறைவிடத்தில் குடிப்பவரையும் சேர்த்துக்கொண்டு, அளவிட்ட மதுவைக் குறித்த நேரத்தில் தரும் முறை தொடங்கிற்று. ஒட்டாவாவில் இத்தகைய திட்டத்தில் இருந்த 17 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, அவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவது 36 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. சிறு தொகையினரை வைத்துப் பெரிய முடிவு கூற இயலாதுதான்.

அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை இலக்காகக் கூறும் நம் நாட்டில் அம்முறையை அப்படியே கொணர்வது அரிது, தேவையும் அன்று. அதன் முதற்படி மட்டும் நமக்குப் போதும்: குடித்தவரையும் உறைவிடத்தில் சேர்த்துக்கொள்ளுதல். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், 1 லட்சம் மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிலையான உறைவிடம் வேண்டுமென வகுத்தது. அதன் வாயிலில் மதுவாடை வீசுவோரைத் திருப்பியனுப்பினால், மிகுந்த ஆபத்திலுள்ளவரே தெருவில் எஞ்சுவர்.

உறைவிடக் காப்பாளர் மருத்துவராக வேண்டுவதில்லை. கடைசியாகக் குடித்த நேரத்தைக் கேட்டறிதல், நடுக்கத்தையும் குழப்பத்தையும் அடையாளம் காணுதல், 108 வண்டியை அழைத்தல் ஆகியன ஓரிரு நாள் பயிற்சியில் கைவரும். தயமின் எனும் பி1 வைட்டமின் குறைவினால் குடியருக்கு நிலையான மூளைச்சேதம் நேர்வதுண்டு. அதனைத் தடுக்கும் ஊசி விலை மலிவானது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனுமொரு சிகிச்சை பெற்றவர். அந்த ஆய்வு வீடுவீடாகச் சென்று எடுக்கப்பட்டது. வீடே இல்லாதோர் அக்கணக்கில் இடம்பெற வழியில்லை.